உப்புக்குப் பயந்து மாற்றிய பைப்

மச்சான்,

இன்று லுஹர் தொழுதுவிட்டு வந்து, கராஜில் திருத்த விட்டிருந்த ஒரு பழைய உப்பு லொறிக்கு அடியில் படுத்தேன். பிரேக் பைப்பில் யாரோ சுற்றியிருந்த ரப்பர் கருகி மணந்தது. அதற்குமேல் அங்கே படுத்திருக்க முடியவில்லை. எழுந்து உன் வீட்டுக்கு நடந்தேன்.

நீ பாலாவி உப்பளத்திலிருந்து சிலாபத்துக்கு லொறியில் உப்பு ஏற்றிய காலம். மூட்டைகளிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் லொறியின் இடப்பக்கம் வழிந்து, பிரேக் பைப்பை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு தரம் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் தரம் எனக்குப் பொறுக்கவில்லை. புதுப் பைப்பை வளைத்து, ரப்பர் சுற்றி, தண்ணீர் எட்டாத வலப்பக்கத்தால் கொண்டுபோனேன். "இனி ஆயுசுக்கும் கை வைக்கத் தேவையில்ல" என்று உன்னிடம் பெருமையடித்தேன். சைலன்சர் குழாயும் அந்தப் பக்கத்தால்தான் போகிறது. அது என் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவனுக்கு இரும்பின் எதிரி உப்பு ஒன்றுதான். சூட்டை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மடையன்!

நாலாம் நாள், சிலாபத்துக்குக் கிட்ட, நீ மிதித்த பெடல் சும்மா தரைவரை போனது. முன்னால் ஒரு ஸ்கூல் வேன். நீ லொறியைத் திருப்பி, தும்பு ஆலைக்கு வெளியே குவித்திருந்த தேங்காய்ப் பொச்சுமட்டைக்குள் ஏற்றினாய். உன் நெற்றியில் ஏழு தையல்.

நான் வந்து சேர்ந்தபோது லொறி முதலாளி தானே ஏறிப் பிரேக்கை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தது. சைலன்சர் சூட்டில் கொதித்து ஆவியான பிரேக் ஒயில் ஆறியதும் பெடல் பழையபடி வந்துவிட்டது. நான் கீழே புகுந்து பார்த்தேன். பைப்பில் நான் சுற்றிய ரப்பர் கருகி ஒட்டியிருந்தது.

"பிரேக் நல்லாத்தானே இரிக்கு. நித்திரையாகிட்டியா?" என்று முதலாளி கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து சில்லின் நட்டுகளைத் தடவிப் பார்த்தேன்.

"ஓம் முதலாளி. கண் அசந்துட்டு" என்று நீயே சொன்னாய்.

அன்றே அவர் சாவியை வாங்கிவிட்டார். பிறகு கடைசிவரை நீ முச்சக்கரவண்டிதான் ஓட்டினாய். மறுநாள் கராஜுக்கு வந்து, "உப்புக்குப் பயந்து அடுப்புக்குள்ள வெச்சிட்டியேடா. இனிக் கைய வெச்சுப் பாரு. உன்ட கை தாங்காத எடத்த ஒயில் தாங்குமா?" என்றாய். என் பிளேன்ரீயையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீ எடுக்கவே இல்லை.

உன் ஜனாஸாவை அடக்கிய அன்றும் ஒருவர் சொன்னார்: "தங்கமான மனிசன். அந்த ஒரு நாள் நித்திரைதான்." அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். தூ, நானும் ஒரு கூட்டாளி!

இன்று உன் வீட்டு முற்றத்தில், உன்னைக் கட்டிய மச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அண்ணனாக எண்ணி 'நானா' என்றழைப்பவள், காயப்போட்ட மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் நானா. அண்டைக்கே சொன்னாரு. 'நான் எந்த வண்டியையும் ஓட்டிப் பொழைப்பன். அவன்ட கைய ஊர் நம்பாட்டி அவன் எங்க போவான்' எண்டு."

முற்றத்திலேயே அழுதுவிட்டேன் மச்சான்.

திரும்பி வந்து அந்த லொறியின் பைப்பைச் சைலன்சரிலிருந்து விலக்கிப் பூட்டினேன். எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நீ சொன்னபடி உள்ளங்கையை வைத்தேன். சுடவில்லை. நீ சொன்ன நாளிலிருந்து கை வைத்துப் பார்க்காமல் ஒரு லொறியையும் நான் வெளியே விட்டதில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு உன் பழைய முதலாளி வீட்டுக்குப் போகிறேன். அவருக்கு இப்போது காது மந்தம். தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் சொல்லவேண்டும். சொல்வேன்.