புத்தகக்காரரின் கணக்கில் ஒரு பாதிப் பெயர்

சனிக்கிழமை வென்ட்வேர்த்வில் மளிகைக் கடையில் மகளுக்காக ஒரு தமிழ்ப் பாலர் பாடநூல் வாங்கினேன். கடைக்கார அங்கிள் அதைத் தனிப் பையில் போடவில்லை. அரிசி மாவு, கறித்தூள், நல்லெண்ணெய் பாட்டில் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே அட்டைப் பெட்டியில் அடுக்கித் தந்தார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் உயிரெழுத்துப் பக்கத்திலிருந்து வறுத்த மல்லியும் மிளகாயும் மணக்கின்றன. மகள் மூக்கைச் சுளித்து, “அம்மா, திஸ் புக் ஸ்மெல்ஸ் லைக் டின்னர்” என்றாள்.

நீ ஆராய்ந்த அந்தப் பழைய புத்தகக்காரரின் வாடிக்கையாளர்களும் இப்படி ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர் கடையிலும் ஜெபப் புத்தகமும் சர்க்கரைப் பாகும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

நீ போன பிறகு உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அழுது எழுதினால் உனக்குப் பிடிக்காது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பெரும்பாலும் உனக்குத் தெரிந்ததுதான். ஒன்று மட்டும் தெரியாது.

நார்த்மீட்டில் ஒரு வாடகை வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லி வந்தேன். அடுத்த அறையில் நீ இருந்தாய். நான் திருச்சியிலிருந்து கம்பெனி விசாவில் வந்தவள். நீ கிளிநொச்சியிலிருந்து படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவில் வெளியே வந்தவள். எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விசா கவலை. உனக்கு ஒவ்வொரு நாளும். அதைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. யார் எப்போது குளிப்பது, யார் பால் வாங்குவது என்றுதான் முதல் மாதங்களில் பேசினோம்.

காலையில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போவாய். திரும்பி வந்து சமையலறை மேசையில் கணினியைத் திறந்துகொள்வாய். பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்திருந்தது. வரலாற்றில் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை. அமெரிக்கா பிரிட்டிஷாரிடம் இருந்த காலத்தில், கிழக்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் புத்தகக்கடை வைத்திருந்த ஒருவருடைய வியாபாரப் பதிவேடுகள். மூலம் அங்கே ஒரு நூலகத்தில் இருந்தது. அதன் ஸ்கேன் பிரதிகள் உன்னிடம் இருந்தன.

“அவரு யாரு உனக்கு?” என்று கேட்டேன்.

“ஒருத்தருமில்லை. அதுதான் விருப்பம்” என்றாய்.

பிறகு ஒரு நாள் தேநீரோடு உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னாய். “பேராசிரியரிலயிருந்து கோயில் அன்ரி வரைக்கும் எல்லாரும் என்னட்ட நான் வந்த படகைத்தான் கேக்கினம். அதைப் பற்றி எழுது, அதைப் பற்றிக் கதை எண்டு. ஏன், எனக்கு இன்னொராளின்ர கதையில ஆசை வரக்கூடாதோ?”

நான் உனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகக்காரர் நம் வீட்டில் மூன்றாவது ஆளாகிவிட்டார். லண்டனுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களில் அவர் ஓயாமல் சண்டை போட்டார். கேட்டது எழுத்துப் பயிற்சிப் புத்தகம், வந்தது பழைய பிரசங்கம். கேட்டது கறுப்பு மைத்தூள், வந்தது பாதி கரி. ஒருமுறை கடல் தண்ணீர் புகுந்து ஒரு பெட்டிப் புத்தகம் முழுக்க நனைந்து வந்தது. மனிதர் அதை வீசவில்லை. உப்பிட்ட மீன் அடுக்கியிருந்த பரணில் விரித்துக் காயவைத்து, விலை குறைத்து விற்றார். வாங்கிப் போன பாதிரியார் ஒருவர், பிரசங்கப் புத்தகம் கருவாடு நாறுகிறது, சபையில் திறக்க முடியவில்லை என்று எழுதினார். அதற்கு நம் ஆள், வேதத்திலும் மீனவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் எழுதியிருந்தார். அதை எனக்கு வாசித்துக் காட்டும்போது நீ சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் சிந்தியது. நீ அப்படிச் சிரிப்பாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்தச் சிரிப்பு ஒரு மழைநாளில் நின்றது. நான் வேலை முடிந்து வந்து நனைந்த ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். “இஞ்ச வந்து இதை ஒருக்காப் பார்” என்றாய். திரையில் வழக்கமான அதே சாய்ந்த கையெழுத்து. ஒரு கப்பல் தலைவனிடமிருந்து பெற்றுக்கொண்ட பொருள்கள். நீ விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாய். சர்க்கரைப் பாகு ஒரு பீப்பாய். பாலர் வாசிப்புப் புத்தகம் ஒரு கட்டு. மரி என்ற பெண் ஒன்று. அதற்குக் கீழே பொத்தான்கள்.

“மரியா?” என்றேன்.

“தெரியேல்லை. ‘மரி’ வரைக்கும்தான் தெரியுது. மிச்சத்தைக் கட்டு விழுங்கிப்போட்டுது.” புத்தகத்தின் தையலுக்குள் பக்கம் மடிந்து போகும் இடத்தில் பெயர் முடிந்திருந்தது. ஸ்கேனில் அங்கே கறுப்பு நிழல் மட்டும்.

“இவ்வளவு நாளும் இந்த ஆளோட சிரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்” என்றாய்.

அந்தக் காலத்தில் புத்தகம் விற்றவர்களும் அடிமைகளை வாங்கி விற்றார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்திருப்பது வேறு, சிரித்த வாயோடு அந்த வரியில் போய் முட்டுவது வேறு. பிறகு பல வாரங்கள் கணினியைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனாய், சமைத்தாய், தூங்கினாய். விட்டுவிடப் போகிறாய் என்றே நினைத்தேன். ஒரு காலை நான் எழுந்து வந்தபோது மறுபடி மேசையில் இருந்தாய்.

“அவனை விட்டுட்டுப் போகலாம்” என்றாய், தலையை நிமிர்த்தாமல். “ஆனா அவவும் அங்கதானே இருக்கிறா.”

அன்றிலிருந்து உன் ஆராய்ச்சி மாறியது. அந்த வரிக்கு முன்னும் பின்னும் அந்தப் பெண் எங்காவது வருகிறாளா என்று தேடினாய். வேறோர் இடத்தில் பெயரில்லாமல், ‘என் பெண்ணிடம் கொடுத்தனுப்பிய கட்டு’ என்று ஒரு குறிப்பு இருந்தது. அவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று எழுதிவைத்தாய். அவ்வளவுதான் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் நீ கட்டுரை வாசித்த அன்று என்னையும் அழைத்துப் போனாய். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ முடித்ததும் ஒருவர் எழுந்து மிகவும் கனிவாகக் கேட்டார்: நீங்களே படகில் வந்தவர், அந்த வரியை வாசித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? அறை முழுவதும் உன்னைப் பார்த்தது. நீ தண்ணீர் குடித்தாய். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றாய். கடைசி வரிசையில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயில் மாறக் காத்திருந்தபோது கேட்டேன்.

“என்ன சொன்னே அவருக்கு?”

“நான் ஏறினனான். அவவை ஏத்தினவங்கள். ரெண்டையும் ஒண்டாக்காதேங்கோ எண்டு சொன்னனான்.”

“அவரு நல்ல மனசோடதானே கேட்டாரு?”

“ஓம். நல்ல மனசுதான். அவவின்ர கதையை எடுத்து எனக்குப் போர்த்திவிடப் பாக்கினம். அவவிட்ட இருக்கிறது ஒரு வரி. அதையும் நான் வாங்கிக்கொண்டா, அவவுக்கு என்ன மிஞ்சும்?”

ரயில் வந்தது. இருக்கை கிடைத்தது. வென்ட்வேர்த்வில் வந்ததும் இறங்கி நடந்தோம்.

அடுத்த வருடம் கம்பெனி என்னை அமெரிக்காவுக்கு அனுப்பியது. உன்னால் நாட்டை விட்டு வெளியேற முடியாது. போனால் திரும்பி வர முடியாது. அந்த நூலகம் என் கூட்டம் நடந்த நகரத்திலிருந்து ரயிலில் போகக்கூடிய தூரத்தில் இருந்தது. “போட்டு வா. அந்தப் பக்கத்தை நேரில பார். ‘மரி’க்குப் பிறகு என்ன எழுத்து எண்டு மட்டும் பார்” என்றாய்.

போனேன். பேனாவை வெளியே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். நூலகத்துப் பெண்மணி அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கைக்குழந்தையைப் போல ஏந்தி வந்து, புத்தகம் வைப்பதற்கான சிறு மெத்தையில் வைத்தார். தோல் அட்டை, நான் நினைத்ததைவிடச் சிறியது. நீ சொன்ன பக்கத்தைத் திறந்தோம். சர்க்கரைப் பாகு, பாலர் புத்தகம், மரி. அதற்கு மேல் தையல். அந்த அம்மாள் சாய்வாக விளக்கைப் பிடித்தார். நான் மேசையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தின் வால் மட்டும் உள்ளே இறங்கிப் போனது. அது எந்த எழுத்தின் வாலாகவும் இருக்கலாம். தையலைப் பிரித்தால் தெரியும், ஆனால் நாங்கள் பிரிப்பதில்லை என்றார்.

வெளியே படிக்கட்டில் நின்று உன்னை அழைத்தேன்.

“தெரியல. ரொம்ப நேரம் பார்த்தேன். தையலை வெட்டினாத்தான் தெரியுமாம். வெட்ட மாட்டாங்களாம்.”

“வெட்ட வேண்டாம்” என்றாய். “நீ சாப்பிட்டியா?”

ஆய்வேட்டில் அவள் பெயருக்குப் பிறகு ஒரு கோடு போட்டாய். தேர்வாளர் ஒருவர், ‘மரியா’ என்றே எழுதலாமே, அதுதானே வழக்கமான பெயர் என்று குறிப்பு அனுப்பினார். “பேர் வைக்கிறது என்ர வேலையில்லை” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவருக்கு மரியாதையாகப் பதில் எழுதினாய். பட்டம் கிடைத்தது. ஒரு பதிப்பகம் புத்தகமாகப் போட முன்வந்து, முன்னுரையில் உன் படகுப் பயணத்தை எழுதினால் நன்றாகப் போகும் என்றது. நீ எழுதவில்லை. புத்தகமும் வரவில்லை. உனக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று நீ ஒருபோதும் நடிக்கவில்லை.

நிரந்தர விசா வந்தபோது முதலில் அமெரிக்காவுக்குப் போவாய் என்று நினைத்தேன். நீ திருச்சிக்கு டிக்கெட் போட்டாய். உன் ஊருக்குப் போக முடியாது. உன் அம்மா திருச்சிக்கு வரலாம். என் பெற்றோர் வீட்டு மாடியில் நீங்கள் இருவரும் தங்கினீர்கள். இத்தனை வருடம் கழித்துப் பார்த்த தாயும் மகளும் முதல் நாள் முழுக்க முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, ஊர் மழையைப் பற்றியே பேசினார்கள் என்று என் அம்மா போனில் சொல்லி ஆச்சரியப்பட்டார். அமெரிக்கா அடுத்த வருடம் என்றாய். அடுத்த வருடம் வயிற்றில் நோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே பரவியிருந்தது. போன குளிர்காலத்தில் முடிந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன், அது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இதற்குப் பிறகுதான்.

அஞ்சலிக் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் உன் மேல் அன்புள்ளவர்கள். கடல் கடந்த வீரப்பெண் என்றார்கள். படகிலிருந்து பட்டம் வரை என்றார்கள். என்னைக் கூப்பிட்டபோது, எழுதி எடுத்துப் போன தாளை மடித்து வைத்துவிட்டு, நனைந்த புத்தகங்களைப் பற்றிப் பேசினேன். மீன் பரணையும் பாதிரியாரையும் சொன்னேன். சிலர் சங்கடமாகப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இன்னும் சிலர் சிரித்தார்கள். உன் அஞ்சலிக் கூட்டத்தில் சிரிக்கவைத்ததற்காக இரண்டு அன்ரிமார் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கூட்டத்தைக் கிளிநொச்சியில் உன் அம்மா கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தார். அழவில்லை.

“பிள்ளை, அண்டைக்கு நீங்கள் சொன்ன அந்தக் கடைக்காரன். என்ர மகள் அவனையோ படிச்சவ?”

“ஆமா அம்மா.”

“எனக்கு அவ ஒண்டும் சொல்லேல்லை. விளங்காது எண்டு நினைச்சாவோ தெரியாது. மிச்சத்தைச் சொல்லுங்கோவன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அழைக்கிறார். நான் சொல்கிறேன். கரி கலந்த மைத்தூளைச் சொன்னேன். லண்டன்காரனை அவர் எப்படித் திட்டினார் என்று சொன்னேன். “அவன் நல்ல வாய்க்காரன்” என்று அம்மா சிரிக்கிறார். உன் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு நினைவிருந்ததெல்லாம் சில மாதங்களில் தீர்ந்துபோனது. இப்போது சனிக்கிழமைகளில் உன் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் வாசித்து, மறுநாள் சொல்வதற்காகத் தமிழாக்கி வைத்துக்கொள்கிறேன். வேலை கடினமாகத்தான் இருக்கிறது. அடிக்குறிப்புகளை விட்டுவிடுகிறேன், மன்னித்துக்கொள்.

போன ஞாயிறு அந்த வரி வந்தது. தள்ளிப்போடலாமா என்று யோசித்தேன். பிறகு சொன்னேன். சர்க்கரைப் பாகு, பாலர் புத்தகம், மரி, பொத்தான்கள். பெயரின் மிச்சம் யாருக்கும் தெரியாது என்றேன். அந்தப் பக்கத்தை நான் நேரில் பார்த்ததையும் சொன்னேன்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை. பின்னால் ஒரு சேவல் கத்திக்கொண்டிருந்தது.

“பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?”

“தெரியாது அம்மா. அதுக்கப்புறம் அவ பேரு எங்கயும் வரல.”

“ம்” என்றார். “தாய்க்கு முழுப் பேரும் தெரிஞ்சிருக்கும், என்ன?”

உன் ஆய்வேட்டில் இந்த வாக்கியம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். நீ இருந்திருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது, உனக்காக எதையும் சொல்லிவைக்கவும் மாட்டேன். எனக்கு அப்போது வாயில் வந்த பதில் ஒரே சொல்தான். எங்கள் ஊரில் ‘ஆமா’ என்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. உன்னோடு இருந்த வருடங்களில் எப்போது என் நாக்கில் வந்து உட்கார்ந்தது என்றும் தெரியவில்லை.

“ஓம் அம்மா” என்றேன்.