ஜெபிக்கிற அக்கா

என் அன்பானவருக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடும், நம் பிள்ளையோடும், அக்காவோடும் இருப்பதாக. நான் சுகம். நீங்கள் எழுதின கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது என்று படித்தபிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. அவளுக்குத் தலை பின்னிவிட உங்கள் அக்காவுக்குப் பொறுமை இருக்காது. முடியைத் தோள் அளவுக்குக் கத்தரித்துவிடச் சொல்லுங்கள், அழுதால் அழட்டும். டீச்சரம்மாவின் சட்டை கடையில் மேல்தட்டில் மடித்து இருக்கிறது. பட்டன் மட்டும்தான் பாக்கி. கேட்டு வந்தால், தைக்கிறவள் இன்னும் ஊருக்கு வரவில்லை என்று சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். என் போனை இந்த ஊர்ப் போதகரம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஓயாமல் ஆட்கள் கூப்பிடுகிறார்கள், நீ கொஞ்சம் ஓய்வெடு என்று அன்பாகத்தான் வாங்கினார்கள். நான் உங்களோடு பேசும்போது பக்கத்திலேயே சிரித்த முகமாக நிற்கிறார்கள். அப்படி நின்றால் நான் என்னத்தைச் சொல்ல?

நம் சபையிலிருந்து நாங்கள் வேனில் வந்ததே வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் கஷ்டத்தைக் கேட்டு, சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு ஒரு வாரத்தில் திரும்பத்தான். எனக்கு நாலு பேர் முன்னால் சத்தமாக ஜெபிக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். பாய் விரிக்க, குழந்தை அழுதால் தூக்க, அதற்குத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

ஒரு கொத்தனார் வீட்டுக்குப் போனோம். சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார். விழுந்த நாளிலிருந்து வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். ஒரே அறை. கட்டில் போட்டது போக நிற்க இடமில்லை. நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். போதகருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. நீங்களே கையை வைத்து ஜெபியுங்கள் என்று எனக்குச் சைகை காட்டினார். கொத்தனாரின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் இருந்த சொம்பில் கைக்குட்டையை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டு, “ஆண்டவரே, இவரைக் கொஞ்சம் பாருங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து, “இன்னும் தண்ணி குடு” என்றார்.

அவர் மனைவி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்ததுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். கர்த்தர் செய்திருந்தால் அவருக்கே ஸ்தோத்திரம். நான் ஒன்றும் செய்யவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து என் பெயரே போய்விட்டது. ‘ஜெபிக்கிற அக்கா’ ஆகிவிட்டேன். எந்த வீட்டுக்குப் போனாலும் போதகரை வாசலில் நிறுத்திவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் என்னைத் தேடுகிறார்கள். வேன் திரும்பிப் போனபோது, நீங்கள் மட்டும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. ஜெபக்கூடத்துக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை. ஒரே சன்னல். விடிந்ததும் திறந்தால் அதில் முகங்கள்தான். ஒருநாள் பல் துலக்கும்போதே ஒருத்தி என் காலைப் பிடித்துக்கொண்டாள். வாய் நிறைய நுரையை வைத்துக்கொண்டு நான் என்ன ஜெபிப்பது? இன்னொருத்தி நான் பாதி கடித்து வைத்த ரொட்டியைக் கேட்டு வாங்கிப் போனாள், அவள் வீட்டுக்காரருக்குக் கொடுக்க.

போன வாரம் யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். சன்னலோரம் உட்கார்ந்தும் ஆகிவிட்டது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் என் முகத்தையே பார்த்தார். “அக்கா, நீங்களா? என் தங்கச்சி படுத்த படுக்கையா இருக்கா. வீடு இங்கதான், ரெண்டே நிமிஷம்” என்று கையைக் கூப்பினார். அதற்குள் பின் சீட்டு அம்மா தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு எழுந்து வந்தார், அவருக்கு முழங்கால் வலி. பஸ் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. திட்டியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன். இறங்கிவிட்டேன். போதகர் பைக்கில் வந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. என் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, ஏறுங்கம்மா என்றார்.

இதுவரை எழுதினதைப் படித்துச் சிரித்துவிடலாம். இனி எழுதுவதைச் சின்னவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

இங்கே ஒரு லாரி டிரைவரின் மனைவி, அவள் மகளுக்கு வலிப்பு. நம் சின்னவள் வயசுதான். வந்த புதிதில் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்திருந்தேன். திங்கட்கிழமை ஓர் ஆள் ஓடி வந்து கூப்பிட்டார். போனால், பிள்ளை தரையில் விறைத்துக் கிடக்கிறாள், வாயில் நுரை. மாத்திரை கொடுத்தாயா என்று கேட்டேன். “நீங்க ஜெபிச்சப்புறம் எதுக்குக்கா மாத்திரை? அன்னைக்கே நிறுத்திட்டேனே” என்றாள். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சொன்னாள். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். யார் மாத்திரையை நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கத்தினார். அவள் என்னைக் காட்டவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஊசி போட்டு, சாயங்காலம் பிள்ளை கண் விழித்தாள்.

வெளியே கூடி நின்றவர்களிடம் வாய்விட்டுச் சொன்னேன். நான் ஒன்றும் செய்யவில்லை, டாக்டர்தான் காப்பாற்றினார், யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தத் தாய் எழுந்து சாட்சி சொன்னாள்: “அக்கா தூக்கினதுமே எம்புள்ளைக்கு வலிப்பு நின்னுடுச்சு.” அந்தச் சாட்சியில் டாக்டரே இல்லை.

போதகர் கெட்டவர் இல்லை. தன் சாப்பாட்டைக்கூட அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிறவர். அவரிடம் போய் அழுதேன். அவருக்கும் கண் கலங்கியது. “ஒண்ணும் செய்யலன்னு சொல்றீங்க பாருங்க, அந்தத் தாழ்மைக்காகத்தாம்மா ஆண்டவர் உங்களைப் பயன்படுத்துறார்” என்றார்.

இப்போது எந்த வீட்டில் நுழைந்தாலும் முதலில் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறேன். என் கண்முன்னால் விழுங்கினால்தான் ஜெபம். அதையும் ஜெபத்தில் ஒரு பாகமாக ஆக்கிவிட்டார்கள். நேற்று மாத்திரை எதுவும் இல்லாத ஒரு வீட்டில், நான் வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு இப்போதுதான் வருகிறேன். அதற்குப் பதில் எழுதப் பயந்துதான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். “இங்கயும் எல்லாரும் பேசிக்கிறாங்க. நீ வந்ததும் என் கைமேலயும் ஒரு தடவை கை வைப்பியா?” என்று இடது கையால், கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து அந்த வலது கை விழுந்ததிலிருந்து, மத்தியானம் நீங்கள் கண்ணயரும்போதெல்லாம் அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்திருக்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. கொத்தனாருக்கு ஒரே ஒரு வரிதான். உங்களுக்காக எத்தனை மாதம் அழுதேன் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஒரு விரல் அசையவில்லை. அதற்காக அவரோடு நான் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் இந்த ஊர் கேட்பதையே நீங்களும் கேட்டால், நான் எந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன்?

என்னைக் கூட்டிப்போக நீங்களே வாருங்கள். அக்காவை அனுப்பாதீர்கள், அவர்களைப் போதகரம்மா ஒரு காபியில் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். பஸ் ஏறி இறங்க உங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று தெரிந்துதான் கேட்கிறேன். இன்னொன்றும் கேட்கிறேன், கேட்கக்கூடாது என்றும் தெரியும். அந்தக் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வராதீர்கள். ஜெபிக்கிற அக்காவின் வீட்டுக்காரர் கை இப்படித்தான் இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். அப்போதாவது அந்த லாரி டிரைவர் மனைவி மாத்திரையை விடாமல் கொடுப்பாள்.

உங்களைப் பார்த்ததும் சுற்றி நின்று ஜெபிக்கச் சொல்வார்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வேன். ஜெபிக்க இல்லை, பஸ் ஏற.

வழியெல்லாம் ஆண்டவர் உங்களுக்குத் துணையாக வரட்டும். சின்னவளுக்கு என் முத்தங்கள். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களுடையவள்