கோப்பில் நான் எழுதிய தம்பி

நவம்பர், செவ்வாய்.

இங்கே ஜெர்மனியில் கிராமத்து வீடுகளுக்குப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறேன். வெர்னர் ஐயா ஜெர்மன் இராணுவத்தில் இருந்தவர். கூடவே கார்ல் என்றொருவரும் இருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு கிழவர்கள் என்றால் எங்கள் தமிழ் ஆட்களுக்கு அண்ணன் தம்பிதான். இரண்டு வருடத்துக்கு முன், முதல் நாளே, யாரையும் கேட்காமல் வெர்னர் ஐயாவின் கோப்பில் எழுதினேன்: ‘தம்பிக்கு இருதய நோய்.’

இன்று வெர்னர் ஐயாவுக்கு நெஞ்சுவலி. வந்த புது டொக்டர் கோப்பைப் பார்த்து, “அப்ப இது பரம்பரை வருத்தம்” என்று எழுதத் தொடங்கினார்.

வெர்னர் ஐயா கார்லின் கையைப் பிடித்தார்.

“இவர் என்ர தம்பி இல்லை, டொக்டர். நாங்கள் நாற்பது வருசமாச் சேர்ந்து வாழுறம்.”

டொக்டர் தலையாட்டிவிட்டு எழுதியதை வெட்டினார். அவ்வளவுதான்.

அவர் போனபின் மன்னிப்புக் கேட்டேன். “ஏன் ஐயா எனக்கு முதலே சொல்லேல்லை?”

“ஒருக்கா உண்மையைச் சொன்னன், இராணுவத்தில இருந்து நிப்பாட்டிப்போட்டாங்கள். நீங்களும் வராமல் விட்டால் இந்த ஊருக்கு வேற ஆர் வருவினம்?”

கிழமைக்கு மூன்று நாள் அவரைக் குளிக்க வார்க்கிறேன், நகம் வெட்டிவிடுகிறேன். இவ்வளவு காலமும் அந்த மனிதர் எனக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்.