எக்ஸ்றே அறைச் சுவருக்குப் பூசப்படாத கருமணல்

அனுப்புநர்:
கந்தையா இளையதம்பி,
தபாற் சேவகன்,
கண்டாவளை.

பெறுநர்:
சுகாதார சேவைகள் அத்தியட்சகர் அவர்கள்,
மாகாணச் சுகாதாரக் கந்தோர்.

விடயம்: எமது பகுதி ஆஸ்பத்திரியின் எக்ஸ்றே அறையில் வேலை செய்வோருக்குக் கதிரிலிருந்து பாதுகாப்பு இல்லாமை, கலாநிதி லாபிர் அவர்களின் ஆய்வறிக்கை கிடப்பில் போடப்பட்டமை ஆகியன தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது வருடங்களாகத் தபாற் சேவகனாக இருப்பவன். காலஞ்சென்ற இராசமலர் என் மனைவி. அவர் 1956ஆம் ஆண்டு தொடக்கம் 1965 வரை மேற்படி எக்ஸ்றே அறையில் உதவியாளராக வேலை பார்த்து, 1966 மாசி மாதம் 9ஆம் திகதி, நாற்பத்தொரு வயதில், இரத்தப் புற்றுநோயால் காலமானார். ஆஸ்பத்திரியின் பெயரைத் தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். இம்மனு பலர் கைக்குப் போகும். பெயர் வெளியே பரவினால், கசநோய்க்கு நெஞ்சுப் படம் எடுக்க வரச் சனங்கள் பயப்படுவார்கள். அதை என் மனைவி விரும்பியிருக்க மாட்டார்.

2. படம் எடுக்கும்போது சிறு பிள்ளைகள் அசையாமல் நிற்பதில்லை. அவர்களைத் தோளில் பிடித்து இயந்திரத்துக்கு முன்னால் நிறுத்துவது என் மனைவியின் வேலை. அப்படிச் செய்யும்படி எழுத்தில் எவரும் கட்டளையிடவில்லை, அவராகத்தான் செய்தார். ஒருநாள் அவருடைய விரல்களின் தோல் காய்ந்து வெடித்திருப்பதைக் கண்டு, தாய்மாரையே பிடிக்கச் சொன்னால் என்ன என்று கேட்டேன். "அவையள் பயந்து நடுங்கீனம். பிள்ளை ஆடினால் படம் கலங்கிப் போகும், பிறகும் எடுக்கவேணும். நான் பிடிக்காட்டி ஆர் பிடிக்கிறது?" என்றார். சவர்க்காரத்தால் வந்த வெடிப்பென்று சொல்லித் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டார். நானும் நம்பினேன்.

3. 1962 ஆனி மாதத்தில் அணுப் பௌதிக விஞ்ஞானியான கலாநிதி லாபிர் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முல்லைத்தீவைப் பிறப்பிடமாகக் கொண்டவர். பிறநாட்டில் படித்துத் திரும்பியவர். எக்ஸ்றே அறைகளில் வேலை செய்வோர் உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறது என்று அளப்பதே அவருடைய ஆய்வு. தீப்பெட்டி அளவான ஒரு கூட்டுக்குள் பிலிம் துண்டொன்றை வைத்து, அதை மார்பில் குத்திக்கொள்ளத் தந்தார். கதிர் பட்டால் பிலிம் கறுக்கும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதைக் கொண்டு, பட்ட கதிரைக் கணக்கிடுவார். நான்கு கிழமைக்கொருமுறை பழைய பிலிம் தபாலில் போகும், புதியது வரும். கொண்டுபோனவனும் கொண்டுவந்தவனும் நானே. என் மனைவி அதை ஒரு பதக்கம் மாதிரிப் பெருமையாகக் குத்தியிருந்தார்.

4. கலாநிதி அவர்களின் ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது. கதிரைத் தடுக்க ஈயத் தகடு வேண்டும். அந்நாட்களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஈயத் தகடு கிடைக்கவில்லை. ஆகவே நம் நாட்டுச் செங்கல், களிமண், சுண்ணாம்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இயந்திரத்துக்கு முன்னால் வைத்துச் சோதித்தார். கடைசியில் கடற்கரையில் அலை ஒதுக்கும் கருமணலே நல்லதென்று கண்டார். அது மிகவும் பாரமானது. ஆனால் அதற்குள் தாமாகவே கதிர் வீசும் மஞ்சள் மணிகள் சிலவும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டு, மிகுதியைச் சீமெந்தோடு குழைத்துக் கனமாகப் பூசினால் அச்சுவர் கதிரைத் தடுக்கும் என்று அளந்து நிறுவினார். உதவியாளர் பின்னால் நிற்க அதே சாந்தில் ஒரு மறைப்புச் சுவரையும், பிள்ளைகளைத் துணிப் பட்டியால் கட்டி நிறுத்த ஒரு பலகையையும் வரைந்து கொடுத்தார். அவர் சுத்தப்படுத்திய மணல் 1963 ஆவணியில் லொறியில் வந்து ஆஸ்பத்திரி வளவில் கொட்டப்பட்டது.

5. அதற்கு முன்பே, 1963 சித்திரை 17ஆம் திகதி, கலாநிதி அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருந்தார். அதை விநியோகித்தவன் நான். உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதும் எம் தொழிலில் குற்றம். பிரதம லிகிதரிடம் கையொப்பம் வாங்கினேன். திரும்பும் வழியில் எக்ஸ்றே அறை வாசலில் நின்ற என் மனைவி எனக்குத் தண்ணீர் தந்தார். வெயிலாய் இருக்கிறது, ஆறுதலாக, மெல்லப் போகும்படி சொன்னார்.

6. 1963 இறுதியில் கலாநிதி அவர்கள் மேல் ஆய்வுக்காகப் பிறநாடு சென்றார். பிலிம் வருவது நின்றது. அந்த மாரியில், பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சேற்றுப் பள்ளத்தைக் கருமணலால் நிரப்பினார்கள். சுவர் பூசப்படவில்லை. பலகை செய்யப்படவில்லை. என் மனைவி இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று பிள்ளைகளைப் பிடித்தார்.

7. 1965 ஆடியில் அவருக்குக் காய்ச்சலும் களைப்பும் தொடங்கின. பல் முரசிலிருந்து இரத்தம் வந்தது. ஐப்பசிக் கடைசியில் கொழும்புக்கு அனுப்பி, மூன்று மாதம் அங்கே வைத்துப் பார்த்தார்கள். கட்டிலில் படுத்தபடியே, அறையில் இப்போது பிள்ளைகளை யார் பிடிக்கிறார்கள் என்று என்னை இரண்டு தரம் கேட்டார். தெரியாது என்றேன். தன்னை வீட்டுக்குக் கூட்டிப் போகும்படி கேட்டார். கூட்டி வந்தேன். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

8. கலாநிதி லாபிர் அவர்கள் நாடு திரும்பி, செய்தி கேள்விப்பட்டு, 1966 வைகாசியில் என் வீட்டுக்கு வந்தார். தம் அறிக்கையின் பிரதியைத் தந்து அதைத் தமிழில் விளக்கினார். என் மனைவியின் பிலிம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல ஆறு மடங்கு காட்டியிருந்தது. அவரை உடனே வேறு வேலைக்கு மாற்றவேண்டும், சுவர் பூசும்வரை அறையை மூடவேண்டும் என்று 1963 சித்திரை மாதமே பதிவுத் தபாலில் எழுதியதாகவும், கிடைத்தது, ஆவன செய்யப்படும் என்று பதில் வந்ததை நம்பியே தாம் போனதாகவும் சொன்னார். "பதில் வந்தது எண்டாலும், இப்ப யோசிச்சால், அந்தக் கடிதம் உரிய இடத்துக்குப் போய்ச் சேரேல்லையோ எண்டு இருக்கு" என்றார்.

"போனது ஐயா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான்" என்றேன்.

அவர் தம் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் அளவை எழுதிய தாம் ஒருநாளாவது அந்த அம்மாவிடமே நேரில் சொல்லியிருக்கலாம் என்றும், மேலிடத்துக்கு எழுதினால் போதும் என்று இருந்துவிட்டதாகவும் வருந்தினார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஏழு மைல் அந்தக் கடிதத்தை என் பையில் வைத்துச் சைக்கிளில் போனவன் நான்.

9. மறுவாரம் ஆஸ்பத்திரிக் கந்தோரில் விசாரித்தேன். கடிதம் கடதாசிக் கோவையொன்றில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததாலும், பிலிம் பற்றியதாக இருந்ததாலும், பிலிம் கொள்வனவுக் கோவையில் சேர்க்கப்பட்டதாகப் புதிதாக வந்த லிகிதர் சொன்னார். அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அக்கடிதத்தோடு சேர்த்துக் குத்தியிருந்த உறையின் மேல் மூலையில் என் தபாற் கந்தோர் முத்திரையைக் கண்டேன்.

10. கதிரால்தான் இந்த நோய் வந்தது என்று ஒரு தனி ஆளைக் காட்டி அறுதியாகச் சொல்ல விஞ்ஞானத்தால் முடியாதென்று கலாநிதி அவர்களே எனக்குச் சொன்னார். அவர் பொய் சொல்லாத மனிதர். ஆகவே என் மனைவியின் மரணத்துக்கு யாரையும் பொறுப்பாக்கும்படி நான் கேட்கவில்லை. இதுபற்றி முன்னர் இரண்டு முறை எழுதிப் பதில் கிடைக்காததையும் முறைப்பாடாகச் சொல்ல வரவில்லை. என் மனைவி கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும் என்பதாலேயே வந்திருக்கிறேன்.

11. அவருடைய இடத்தில் இப்போது நிற்பவர் ஜொஹறா என்னும் இருபத்துமூன்று வயதுப் பெண். தகப்பன் இல்லாத குடும்பத்துக்கு இவருடைய சம்பளமே ஆதாரம். கடந்த வருடம் திருமணமாகி இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கிறார். வயிற்றுப் பிள்ளைக்குக் கதிர் அதிக கேடு செய்யும் என்று அறிக்கையில் தனிப் பந்தியே உண்டு. அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அழவில்லை, தன் வேலைக்கு ஒன்றும் வராமல் எழுதித் தரமுடியுமா என்று மட்டும் கேட்டார். அவருடைய சம்மதத்துடனேயே பெயரை எழுதுகிறேன்.

ஆகையால் ஐயா அவர்களை நான் மிகத் தாழ்மையுடன் கேட்பது:

ஜொஹறாவைச் சம்பளக் குறைவின்றி உடனே வேறு பகுதிக்கு மாற்றவேண்டும். கலாநிதி அவர்களின் அறிக்கைப்படி சுவரும் மறைப்பும் பலகையும் செய்துமுடியும்வரை அறையைப் பூட்டி, நோயாளரை வவுனியாவுக்கு அனுப்ப ஒழுங்கு செய்யவேண்டும். தேவையான மணலைச் சுத்தப்படுத்தித் தரக் கலாநிதி அவர்கள் திரும்பவும் சம்மதித்திருக்கிறார். பிலிம் அளவுகள் மீண்டும் எடுக்கப்படவேண்டும். அவை யாருடைய உடம்பில் பட்ட அளவோ, அவருக்கே, அவருக்கு விளங்கும் மொழியில், முதலில் சொல்லப்படவேண்டும்.

அறிக்கையின் பிரதியையும் இத்துடன் இணைத்துள்ளேன். அடுத்த கசநோய்க் கிளினிக் இம்மாதம் 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை நடைபெறும். அன்றைக்குப் பதினொரு பிள்ளைகளின் பெயர் பதிவாகியிருக்கிறது. ஐயாவின் கட்டளை அதற்கு முன் வராவிட்டால், அந்தப் பதினொரு பேரையும் ஜொஹறாவே பிடிப்பார்.

தங்கள் முடிவை எதிர்பார்த்து நிற்கும்,

க. இளையதம்பி

இடம்: கண்டாவளை
திகதி: 08.11.1967