மில்லுக்குள் ஒரு முகூர்த்தம்

மம்சாபுரம்,
வைகாசி, 1996

கனியின் அப்பாவுக்கு,

நேற்று நம் மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உங்களுக்குப் பத்திரிகை அனுப்பியது அவள்தான்.

ராஜபாளையத்தில் மண்டபம் பிடித்தது மாப்பிள்ளை வீட்டார். அது நம் பழைய மில் என்று தெரிந்தும் நான் மறுக்கவில்லை. இரும்புத் தூண்களுக்கெல்லாம் ரோஸ் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நாம் எதிரெதிரே நின்று வேலை பார்த்த ஸ்பின்னிங் மிஷின்கள் இருந்த இடத்தில் இப்போது மணமேடை. தாரை வார்க்க, உங்கள் இடத்தில் என் தம்பியும் அவன் சம்சாரமும் நின்றார்கள்.

"அக்கா, மச்சான் வாசல்லயே நிக்காவ. கூப்புடட்டுமா?" என்றான். நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் பக்கத்தில், என்னை விட்டுப்போய் நீங்கள் கட்டிக்கொண்ட அவள் நின்றாள். அவள் தோளில் உங்கள் குழந்தை தூங்கியது.

தாலி கட்டியும் மேளம் ஓயவில்லை. யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. அப்போதுதான் நீங்கள், மிஷின் இரைச்சலில் பேசுவோமே, அதுபோல வாயை மட்டும் அசைத்தீர்கள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

அத்தனை கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. அவளுக்குப் புரிந்திருக்காது, அவள் மில்லில் வேலை பார்த்தவள் இல்லை.

"சாப்ட்டேன்" என்று நானும் வாயசைத்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

முந்தின நாளிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மில் ஓடின காலத்தில் நான் இப்படிப் பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்து, உங்கள் தூக்குச்சட்டியைத் திறந்து நீட்டுவீர்கள்.

நேற்று நம்பிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா