நான் இழுத்தால் ஓடுகிற ஜெனரேட்டர்

அக்டோபர் 6, திங்கள்

வெயில். பேப்பரில் செய்தி: வெள்ளிக்கிழமை பராமரிப்பு வேலை, ஒன்பது முதல் இரண்டு வரை காயல்பட்டினத்தில் கரண்ட் கிடையாது. வாப்பாவின் ஆக்சிஜன் மெஷினை இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்கும். சிலிண்டர் மூன்று மணி நேரம். கணக்கு உதைக்கிறது.

வாங்க: ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், ரஸ்க்.

பஸ்ஸில் தூத்துக்குடி. மெஷின் எத்தனை வாட் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுபோனேன். கடை அண்ணாச்சி சீட்டைப் பார்க்கவே இல்லை.

“ஆம்பளையாளு யாரும் வரலியாம்மா? கூட்டிட்டு வாங்க, அவங்ககிட்ட விளக்கமாச் சொல்லுதேன்.”

வீட்டுக்காரரைத் துபாயிலிருந்து கூட்டி வரவா? ரஸ்க்கை மறந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

கடை நம்பரை இவரிடம் கொடுத்தது என் புத்தி. ஐந்தே நிமிடம், ஆம்பளையும் ஆம்பளையும் பேசி முடித்துவிட்டார்கள்.

“அஞ்சு கேவிஏ சொல்லியிருக்கேன். ஏசியும் ஓடும்லா.”

“நான் இழுத்தா ஸ்டார்ட் ஆகுமா?”

“பட்டன அமுக்குனா போதும்.”

அக்டோபர் 9, வியாழன்

டெம்போவில் வந்தது. இரண்டு பேர் மூச்சு முட்ட இறக்கினார்கள். எண்பது கிலோவாம்! பட்டனுக்கான பேட்டரி அடுத்த வாரம்தான் மாட்டுவார்களாம். “அதுவரைக்கும் கயித்த இழுங்க.” இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். உதவிக்குக் கூப்பிட்ட தெருமுனை ஆட்டோக்காரருக்கு எட்டாவது இழுப்பில் ஓடியது. “நாளைக்குக் கூப்பிடுங்க, வாரேன்” என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

9.00 கரண்ட் போனது. ஆட்டோக்காரர் திருச்செந்தூர் சவாரி, ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னார். 10.05 இன்வெர்ட்டர் செத்தது. சிலிண்டர் மாட்டினேன். 12.50 முள் சிவப்பில். ஆட்டோக்காரர் போன் எடுக்கவில்லை. தெருவுக்கு ஓடினேன். ஜும்ஆ நேரம். ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில். ஒரு ஈ காக்கை இல்லை.

அடுத்த வீட்டு ஜெமீலா லாத்தாவும் நானும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். உறுமும், நின்றுவிடும். வாப்பாவின் உதடு நிறம் மாறியது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கியாவது பேசுகிறவர், அதுவும் முடியாமல்.

1.20க்குக் கரண்ட் வந்தது. முன்கூட்டியே. அல்ஹம்துலில்லாஹ். அது இரண்டு மணிக்கு வந்திருந்தால்?

இவருக்குப் போன் போட்டேன்.

“லீவுல வரும்போது புழுக்கமா இருக்குமேன்னுதான்...”

“நாப்பது நாளைக்கு வாரவங்களுக்கு ஏசி. அதுக்காக எங்க வாப்பா மூச்சு நிக்கணுமா?”

நிக்காஹ் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் இப்படிப் பேசியதில்லை. வருத்தமும் இல்லை. நானே வைத்தேன் போனை.

அக்டோபர் 11, சனி

ஜெமீலா லாத்தாவை வாப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு மறுபடி கடை.

“அத எடுத்துக்கிட்டு வேற கொடுங்க. ஒவ்வொண்ணா நானே இழுத்துப் பார்ப்பேன்.”

அண்ணாச்சி சிரித்தார். “இதெல்லாம் பொம்பளையாளு இழுக்கதாம்மா?”

“நேத்து ஊர்ல ஆம்பளையே இல்ல அண்ணாச்சி. எங்க வாப்பா செத்திருப்பாங்க.”

சிரிப்பு நின்றது. வரிசையாக எடுத்து வைத்தார். பர்தா கையைச் சுருட்டிவிட்டு இழுத்தேன். வாசலில் கூட்டம். பார்க்கட்டும். நான்காவது: இரண்டு கேவிஏ, இருபத்திரண்டு கிலோ, இரண்டே இழுப்பு. நிறுத்தி மறுபடி இழுத்தேன். ஓடியது.

“மழைன்னா அடுப்படியில வச்சுக்கிடலாம்” என்றார்.

“அந்தப் புகை ஆளைக் கொன்னுரும். நீங்க தெரியாம விக்கீங்களா?”

இவருக்குச் செய்தி மட்டும் அனுப்பினேன்: மாற்றியாச்சு.

அக்டோபர் 15, புதன்

காலையிலிருந்து மழை. 10.10க்குக் கரண்ட் போனது. பின்பக்கம், ஜன்னலுக்குத் தள்ளி, தகரக்கூரைக்குக் கீழே ஜெனரேட்டர். மூன்று இழுப்பு. வயரை மாட்டினேன். மெஷின் ஓடியது.

உள்ளே வந்தால் வாப்பா சிடுசிடுப்பு. “என்ன எழவு சத்தம் இது, மனுஷன் நிம்மதியா ஒரு பேப்பர் படிக்க முடியுதா இந்த வீட்டுல?”

சுர்ரென்று வந்தது. வாப்பாவுக்காக எத்தனை பேரிடம் சண்டை! பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் உறைத்தது. இடையில் மூச்சு வாங்காமல், முழுசாகச் சொல்லிவிட்டார்.