பாழியூர் வண்டலைத் தோண்ட வேண்டா

வளம் பொழிக. பொழில்நாட்டு மன்னர் மரபிடம் ஆறு தலைமுறையாகக் கரைப்பட்டம் பெற்ற குடியின் மூத்தவனும், கலங்கியாற்றின் இருகரைக்கும் காவல் பூண்டவனுமாகிய விழுப்பரையன், கீழைக்கரைப் பாழியூர்ச் சபையாருக்கு விடுக்கும் ஓலை. உம் ஊரில் எஞ்சிய இல்லங்களில் விளக்கு எரிவதாக. உம் கிணறுகள் மீண்டும் தெளிவதாக.

உம் ஓலை கண்டோம். ஐப்பசி வெள்ளத்தில் எம் மகன் கோவன் பதினொருவரைப் பரிசலில் ஏற்றி மேட்டில் சேர்த்துவிட்டு மீண்டும் போனான் என்றும், பின்னர் அவனைக் காணவில்லை என்றும், வயல்மேல் இடுப்பளவு படிந்த வண்டலைத் தோண்டித் தேட எம் இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்.

அவன் உம் ஊருக்கு வந்த காரணத்தை நீவிர் அறியீர். எம் குடியில் பட்டம் ஏற்பவர் ஒவ்வொருவரும், எம் ஊர் இருக்கும் மேலைக்கரையை ஒரு முழம் உயர்த்துவது வழக்கம். யாமும் உயர்த்தினோம். அந்தக் கோடையில் கோவன் வறண்ட ஆற்றின் நடுவே குழி தோண்டி, எம்மை அழைத்துக் காட்டினான். பருமணலும் களியுமாக அடுக்கடுக்காக வண்டல் கிடந்தது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு வெள்ளம் என்றான். ஒன்பது முழத்தின் கீழே, முதற்பட்டம் பெற்ற எம் முன்னோர் ஆற்றுத்தரையில் நாட்டிய அளவுகல் நின்றது. ஆறு மண்ணையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோவதில்லை, வழிநெடுக வயல்களில் பரப்பி வைத்துச் செல்வதே அதன் இயல்பு, நாம் கரைகட்டி அடைத்ததால் தன் மடியிலேயே வைத்துக்கொண்டது என்றான். "ஐயா, நாம் உயர்த்தும் ஒவ்வொரு முழமும் கீழைக்கரையார் தலையில் விழும். நம் குடிநிலத்தில் கரையைத் திறந்துவிடுவோம்" என்று வேண்டினான்.

முன்னோர் கட்டிய கரையில் கைவைக்கச் சொன்னவன் எம் மகன் அல்லன் என்று சபை நடுவே உரைத்து, அவனை உம் கரைக்கு அனுப்பினோம். பரிசலில் இருந்து திரும்பிப் பார்த்தான் என்று பின்னர் சொன்னார்கள். யாம் பார்க்கவில்லை.

இவ்வெள்ளத்தில் எம் ஊரில் ஒரு வீட்டுப் படியும் நனையவில்லை.

ஆகவே வண்டலைத் தோண்ட வேண்டா. ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைப்பீராக. மாசியில் உம் பிள்ளைகள் உண்ணட்டும். அவன் அதன் கீழேதான் இருக்கிறான் என்றால், அந்த வயலில் இருக்கட்டும்.

எம் குடிநிலத்தில், முன்னோர் நடுகற்கள் நிற்கும் இடத்திலேயே, மேலைக்கரையை இருநூறு முழம் வெட்டித் திறக்க ஆணையிட்டோம். முதல் மண்வெட்டி எம் கையில் இருக்கும். நடுகற்களை வண்டல் மூடினால், ஒருவரும் தோண்டி எடுக்கலாகாது.

ஆறு ஓடும் காலமெல்லாம் இவ்வாணை நிற்க. கரைப்பட்டத்து முத்திரை இவ்வோலையில் இறுதியாகப் பதிந்தது. நாளை அம்முத்திரை மன்னரிடமே திரும்பிச் சேரும்.

இப்படிக்கு,
கோவன் தந்தை.